கயாக்கில் கொடுவாத் தூண்டில்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிப்பது

கொழும்பில் கயாக் வாங்கியவர்கள் தூண்டில் பழகுவது பெரும்பாலும் வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்துத்தான். அதிலும் அலாஸ்காவிலும் நோர்வேயிலும் ஆற்றுச் சால்மன் பிடிக்கிற காணொளிகளே கண்ணில் அதிகம் படும். பார்க்க அழகு, ஆனால் நம்மிடம் சால்மன் இல்லை. அதன் உறவுக்கார ரெயின்போ ட்ரவுட் ஹோர்ட்டன் சமவெளியின் குளிர் ஓடைகளில் உண்டு. அதுவும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெள்ளையர் மலைநாட்டில் ட்ரவுட் விடத் தொடங்கியதால் வந்தது. கொழும்பைச் சுற்றியுள்ள உவர்நீரில் கயாக்கோடு மல்லுக்கட்டுகிற மீன் என்றால் கொடுவாதான். மீன் கடையில் மோதா என்று கேளுங்கள், உடனே காட்டுவார்கள்.

இந்த இரண்டு மீன்களின் குணமும் எதிரெதிர். சால்மன் கடலில் வளர்ந்து, முட்டையிட ஆறேறும். ஆற்றுக்குள் வந்துவிட்டால் பெரும்பாலும் இரை எடுக்காது. அதனால் அங்கே மீனைச் சீண்டிக் கடிக்க வைக்கும் வித்தையும் லூர் எனும் செயற்கை இரையின் நிறமும் பெரிய விஷயம். கொடுவா ஆற்றிலும் களப்பிலும் வளர்ந்து, முட்டையிடக் கடற்பக்கம் இறங்கும். நம் ஆற்றில் இருக்கிற காலமெல்லாம் தின்று கொழுப்பதுதான் அதற்கு வேலை. பசியோடு இருக்கிற மீன் கடிக்கவில்லை என்றால் பிழை லூரில் இருப்பது குறைவு. நேரத்திலும், படகு நிற்கிற இடத்திலும்தான் தேட வேண்டும். ஆகவே லூர்ப் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் படகைப் பாருங்கள். கீழே சொல்வதெல்லாம் பொல்கொட ஏரி, பாணந்துறைக் கழிமுகம், களனி கங்கையின் கடைசிப் பகுதி ஆகிய இடங்களை மனதில் வைத்துச் சொல்வது.

"காலையிலிருந்து வீசுகிறேன், ஒரு தட்டுக்கூட இல்லை"

அதிகம் கேட்கிற முறைப்பாடு இதுதான். காரணங்களும் பல, ஆகவே வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் தண்ணீர் ஓடுகிறதா என்று பாருங்கள். கொழும்புக் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இரண்டடி ஏறி இறங்கினாலே நல்ல ஓட்டம் என்று சொல்வோம். இவ்வளவு சிறிய ஏற்றத்தாழ்வு என்பதால் பலர் அதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. ஆனால் கொடுவா ஓடித் துரத்துகிற மீனல்ல, மறைவில் கிடந்து வருவதை விழுங்குகிற மீன். ஓட்டம் இருந்தால்தான் மடவையும் இறாலும் அதன் வாய்ப்பக்கம் அடித்துக்கொண்டு வரும். மட்டக்குளிப் பக்கம் நின்ற தண்ணீரில் வீசிக்கொண்டிருந்தால் வலைக்காரர் யாராவது கரையிலிருந்தே சொல்லிவிடுவார்: "தம்பி, தண்ணி நிக்குது. வத்து தொடங்கட்டும், பிறகு எறிங்க." அதைவிடச் சுருக்கமாக யாராலும் சொல்ல முடியாது.

இன்னொன்று: கொழும்புத் துறைமுகத்துக்கான வற்றுப்பெருக்கு அட்டவணை நேரம் ஏரிக்குள் அப்படியே பொருந்தாது. பாணந்துறை வாயிலிருந்து பொல்கொடவுக்குள் போகப் போக ஓட்டம் பிந்தும், பலமும் குறையும். பிலியந்தலைப் பக்கம் நின்றுகொண்டு பாணந்துறை நேரத்தை நம்பினால் ஏமாற்றம்தான். போனவுடன் கரைச் சேற்றில் ஒரு குச்சியை நட்டு, நீர்மட்டத்தில் அடையாளம் கீறுங்கள். அரை மணிநேரம் கழித்து அந்தக் குச்சி உண்மையைச் சொல்லும். நான் விரும்புவது வற்றின் முதல் பாதி. பக்கக் கால்வாய்கள் ஏரியில் விழுகிற வாய்களில் அப்போது சின்ன மீன்களெல்லாம் வெளியே தள்ளப்படும். அந்த வாயின் ஓரத்தில், ஓட்டம் படாத பக்கத்தில்தான் கொடுவா கிடக்கும்.

தண்ணீர் ஓடுகிறது, ஆனாலும் இல்லையா? அப்படியென்றால் படகு எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று பாருங்கள். மீன் ஓட்டத்துக்கு முகம் கொடுத்து நிற்கும். ஓட்டத்தோடு மிதந்துவந்து, பாலத்தூணுக்கு மேலாகவே கடந்து, பிறகு திரும்பி அந்தத் தூணுக்கு வீசினால், மீன் முதலில் பார்த்தது லூரை அல்ல, உங்களை. சுற்றிப் போய் ஓட்டத்தின் கீழ்ப்பக்கம் வாருங்கள். சற்று விலகி நின்று, தூணுக்கு மேற்புறமாகச் சாய்வாக வீசி, ஓட்டத்தோடு லூரைக் கொண்டு வாருங்கள். ஓட்டத்தைவிடக் கொஞ்சம் வேகமாகச் சுற்றினால்தான் லூர் நீந்தும். அதே வேகத்தில் சுற்றினால் செத்த இலையாக மிதந்து வரும்.

அடுத்தது சத்தம். பிளாஸ்டிக் கயாக் ஒரு மத்தளம். துடுப்பு விளிம்பில் இடிப்பது, குறடு கையிலிருந்து நழுவி விழுவது, நங்கூரச் சங்கிலி ஓட்டையில் உரசுவது எல்லாம் தண்ணீருக்குள் நன்றாகக் கேட்கும். கால் வைக்கும் இடத்தில் ரப்பர் விரிப்பு ஒட்டுங்கள். சங்கிலிக்குப் பழைய சைக்கிள் டியூப்பைப் போர்த்துங்கள். இலக்குக்கு முன் கடைசி 20 மீட்டரைத் துடுப்புப் போடாமல் வழுக்கியே வர முடிந்தால் அதுவே பாதி வெற்றி.

ஆழத்தை அதற்குப் பிறகு பாருங்கள். பொல்கொடவின் பல மூலைகள் சேறும் ஆழமின்மையுமாக இருக்கும். நாக்கு நீண்டு ஆழம் இறங்குகிற லூர் அங்கே உழுதுகொண்டு வரும். மாறாக, மணல் அள்ளி ஆழமாகிப்போன களனியில் மேலாக ஓடுகிற லூர் மீனின் தலைக்கு மேலே எங்கோ போய்விடும். பத்து வீச்சில் ஒன்றிரண்டு முறையாவது அடியையோ கிளையையோ லேசாகத் தொட்டு வந்தால் ஆழம் சரி.

நிறத்தைப் பற்றிக் கடைசியில்தான் யோசிக்க வேண்டும். கலங்கிய தண்ணீரில் கொடுவா பார்ப்பதைவிட உணர்வது அதிகம். வாலாட்டி அதிர்வு கொடுக்கிற ரப்பர் மீன் வெள்ளையாக இருந்தாலும் கறுப்பாக இருந்தாலும் கடிக்கும். லூர்ப் பெட்டிக்குக் காசு செலவழிப்பவர்களைத் தடுக்க நான் யார்? ஆனால் அந்தக் காசில் நல்ல துடுப்பு ஒன்று வாங்கலாம்.

"டப்பென்று சத்தம் கேட்கிறது, ஆனால் மாட்டவில்லை"

கொடுவா கடிப்பதில்லை, உறிஞ்சும். வாயைத் திறக்கிற வேகத்தில் தண்ணீரோடு இரையும் உள்ளே போகும். மேற்பரப்பில் அப்படி உறிஞ்சும்போது வருகிற டப் சத்தம் இருட்டில் கேட்டால் நெஞ்சு ஒரு முறை நின்று அடிக்கும். அந்தச் சத்தத்துக்கே தடியை வெட்டி இழுத்தால் மீன் வாயை மூடுவதற்குள் லூர் வெளியே வந்துவிடும். சத்தத்தை விட்டுவிடுங்கள். நூலில் பாரம் ஏறுகிறதா என்று கையில் பாருங்கள், ஏறிய பிறகு இழுங்கள்.

அதுவும் சரியாகச் செய்கிறேன் என்கிறீர்களா? அப்படியானால் நூல் தொய்ந்திருக்கிறது. கரையில் நிற்பவருக்கு இல்லாத தொல்லை இது. கயாக் காற்றிலோ ஓட்டத்திலோ லூர் இருக்கும் பக்கமாகவே நகர்ந்தால், நீங்கள் சுற்றுகிற நூலில் பாதி அந்தத் தொய்வை எடுக்கவே போய்விடும். தட்டுவது தெரியும், ஆனால் தூண்டில் முள்ளை ஏற்றப் பலம் இருக்காது. படகு விலகிப் போகிற திசைக்கு எதிரே, அல்லது குறுக்கே வீசுங்கள். படகே நூலை இறுக்கி வைத்துக்கொள்ளும்.

இன்னொரு விஷயம், இருந்தபடியே தடியைத் தலைக்கு மேலே தூக்கி இழுப்பது. தாழ்ந்த இருக்கையில் அதற்கு இடமே இல்லை. தடி பின்னால் போய் முதுகுப் பலகையில் இடிக்கும், படகும் அரை அடி முன்னால் வழுக்கும், அந்த இழுவையில் பாதி வீண். இடுப்பைத் திருப்பிப் பக்கவாட்டாக இழுங்கள். முள் கூராக இருக்கிறதா என்பதையும் பாருங்கள். நகத்தின்மேல் வைத்து லேசாகத் தள்ளினால் வழுக்காமல் பிடிக்க வேண்டும். வழுக்கினால் அரம் போடுங்கள், அல்லது மாற்றுங்கள்.

"மாட்டுகிறது, துள்ளுகிறது, தலையை ஆட்டுகிறது, போய்விடுகிறது"

துள்ளும்போது தடி நுனியைத் தண்ணீருக்குப் பக்கத்தில் தாழ்த்துங்கள். நாம் தண்ணீர் மட்டத்திலேயே உட்கார்ந்திருப்பதால் இது கயாக்காரருக்குக் கிடைத்த வரம். நுனியைத் தண்ணீருக்குள்ளேயே அமிழ்த்தலாம். நூல் கீழ்நோக்கி இழுபட்டால் பெரிய மீனால் முழு உடம்பையும் வெளியே எடுத்து ஆட்ட முடியாது. நூலைத் தொய்யவும் விடக் கூடாது.

லூரோடு கடையில் வருகிற மும்முட்கள் பல கொடுவாவுக்குப் போதாது. நிமிர்ந்துவிடும். கனத்த ஒற்றை முள்ளாக மாற்றினால் பிடி ஆழமாக இருக்கும், கழற்றுவதும் சுலபம், உங்கள் தொடைக்கும் ஆபத்துக் குறைவு. மாற்றிய பிறகு லூரைப் பக்கத்தில் ஒரு முறை நீந்தவிட்டுப் பாருங்கள். பாரம் மாறியதால் சில லூர்கள் சாய்ந்து ஓடும்.

டிராக் என்பது மீன் இழுக்கும்போது ரீல் நூலை விட்டுக்கொடுக்கிற பிரேக். அதன் இறுக்கத்தைக் கையால் இழுத்துப் பார்த்து 'காணும்' என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். பயணப் பை நிறுக்கிற தொங்கு தராசை லீடரில் (லூருக்கு முன்னால் கட்டுகிற கனத்த நூல்) கொளுவி, தடியை வளைத்துப் பிடித்து இழுத்துப் பாருங்கள். 20 இறாத்தல் நூலுக்கு 2 கிலோவை ஒட்டி ரீல் நழுவத் தொடங்கினால் சரி. அதற்கு மேல் இறுக்கத் தேவையில்லை, ஏனென்றால் கயாக்கே மீனுக்கு ஒரு சுமை.

"நூல் அறுந்து வெறுங்கையாக வருகிறது"

அறுந்த நுனியைத் தூக்கி எறியாதீர்கள். என்ன நடந்தது என்பதற்குச் சாட்சி அதுதான். கைபேசி வெளிச்சத்தில், முடிந்தால் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

நுனி சுருள் சுருளாக இருந்தால் அறுந்ததல்ல, முடிச்சு வழுக்கியது. தங்கூசியில் முடிச்சை இறுக்குவதற்கு முன்னால் எச்சில் தொட்டு நனைக்காவிட்டால் உராய்வுச் சூட்டில் அந்த இடம் பலவீனமாகும். மெல்ல இறுக்குங்கள், வாலைக் கொஞ்சம் விட்டு வெட்டுங்கள், கையில் சுற்றி ஒரு முறை பலமாக இழுத்துப் பாருங்கள்.

நேர்வெட்டாக இருந்தால் செவுள் மூடி. கொடுவாவின் செவுள் மூடி விளிம்பு சவர அலகுக்குச் சமம். மீன் பக்கவாட்டாகத் திரும்பித் தலையாட்டும்போது லீடர் அதில் படும். இதற்கு லீடர் கனமாக வேண்டும். 40 இறாத்தலுக்குக் கீழே போகாதீர்கள். தூண்களும் கண்டல் வேர்களும் உள்ள இடத்தில் 60 போடுங்கள். ஒரு கை நீளம் போதாது, ஒன்றரை மீட்டர் வையுங்கள்.

பஞ்சு பஞ்சாகப் பிசிறியிருந்தால் இரண்டு சந்தேகம். கொடுவாவின் வாயில் கோரைப் பல் இல்லை, ஆனால் உதட்டுக்குள் அரத்தாள் மாதிரி சொரசொரப்பு உண்டு. சண்டை நீண்டால் அது லீடரைத் தேய்க்கும். அல்லது தூணில் ஒட்டியிருக்கிற சிப்பிகள். பிசிறு கடைசி அரையடியில் மட்டும் என்றால் வாய், அதற்கு மேலும் நீண்டால் தூண். எதுவாக இருந்தாலும் ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் லீடரை இரண்டு விரலுக்கிடையே ஓட்டிப் பார்த்து, சொரசொரப்புத் தட்டினால் வெட்டிப் புதிதாகக் கட்டுங்கள். சோம்பல்பட்டவர்கள் கட்டாமல் விட்ட அடுத்த வீச்சில்தான் பெரியது வரும்.

லீடர் முழுசாக இருக்கிறது, பின்னல் நூல்தான் நடுவில் அறுந்தது என்றால் தடியின் வளையங்களைப் பாருங்கள். பஞ்சுத் துண்டை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் சுற்றித் துடையுங்கள். வெடிப்பு இருந்தால் பஞ்சு அதில் மாட்டும். காரின் கூரையில் தடியைக் கட்டிக்கொண்டு காலி வீதியில் போகிறவர்களுக்கு இது சர்வசாதாரணம்.

"மீன் என்னையும் சேர்த்துக் கண்டலுக்குள் இழுத்துப் போகிறது"

கரையில் நின்றால் டிராக்கை இறுக்கி மீனைத் திருப்பலாம். கயாக்கில் இறுக்கினால் மீன் நிற்காது, நீங்கள்தான் போவீர்கள். மாட்டிய முதல் சில நொடிகளுக்குள் படகை வெளியே எடுப்பதுதான் பரிகாரம். தடியை ஒரு கையில் தாழ்வாகப் பக்கவாட்டில் பிடித்து, மறுகையால் துடுப்பைப் பின்னோக்கிப் போடுங்கள். துடுப்பின் நடுத்தண்டை முழங்கைக்குள் இடுக்கிக்கொண்டால் ஒற்றைக் கையால் நன்றாகவே இழுக்கலாம். பெடல் கயாக் என்றால் பின்னால் மிதித்தால் போதும். அந்தப் பணக்காரர்களைப் பார்த்து நமக்குப் பொறாமை இல்லை என்று சொன்னால் பொய்.

வீசுவதற்கு முன்பே நங்கூரம் போட்டிருந்தால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் நங்கூரத்தை எங்கே கட்டுகிறீர்கள் என்பது உயிர் விஷயம். பக்கவாட்டில், இருக்கைக்கு அருகில் கட்டவே கூடாது. ஓட்டம் பிடித்தால் படகு குறுக்கே திரும்பி, அந்தப் பக்கம் அமிழ்ந்து கவிழும். முன் நுனிக்கோ பின் நுனிக்கோ கயிறு போகுமாறு, படகின் ஓரமாக ஓடுகிற ஒரு கயிற்று வளையம் வைத்துக்கொள்ளுங்கள். கயிற்றின் இந்தப் பக்க முனையில் ஒரு சின்ன மிதவை, ஒரே இழுப்பில் கழல்கிற முடிச்சு. பெரிய மீன் மாட்டினால் முடிச்சை இழுத்து மிதவையோடு விட்டுவிட்டுப் போய், பிறகு வந்து எடுக்கலாம். நெஞ்சுப் பக்கம் ஒரு கத்தி இருக்க வேண்டும். மழைக்குப் பிறகான களனியில் நங்கூரமே வேண்டாம்.

வெளிநாட்டுக்காரர்கள் ஒரு உபாயம் சொல்வார்கள்: இரண்டு காலையும் தண்ணீரில் தொங்கவிட்டால் படகு மெதுவாகும் என்று. இங்கே அதைச் செய்யாதீர்கள். பொல்கொடவில் முதலை உண்டு. 2022 ஜனவரியில் தெகிவளைக் கடலிலேயே சுழியோடி ஒருவர் முதலைக்குப் பலியானார். பிடித்த மீனைக் கயிற்றில் கோத்துப் படகோரம் தொங்கவிடுவதும் இதே கணக்குத்தான். ஐஸ் பெட்டியில் போடுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

"படகு நேராகப் போக மறுக்கிறது"

காற்றுப் பக்கமாகவே முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தால் முன்பக்கம் பாரம் கூடிவிட்டது. ஐஸ் பெட்டியையும் பற்றரியையும் பின்னுக்குத் தள்ளுங்கள். எதிர்மாறாக, காற்று போகிற பக்கம் மூக்கு விலகினால் பாரத்தை முன்னுக்குக் கொண்டு வாருங்கள். அப்புறம் சுக்கான் இருந்தால் இறக்குங்கள். பலர் அதை வாங்கி மடித்தே வைத்திருப்பார்கள்.

காற்றின் நேரத்தையும் அறிந்து வையுங்கள். விடியலில் பொல்கொட கண்ணாடியாக இருக்கும். வெயில் ஏறக் கடற்காற்றும் ஏறும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றும் சேர்ந்துகொள்ளும். ஆகவே போகும்போது காற்றுக்கு எதிராகப் போய், திரும்பும்போது அதன் முதுகில் வாருங்கள். கை ஓய்ந்த பிறகு எதிர்க்காற்றில் கரை சேர்வது பெரும் பாடு. வார இறுதிகளில் மோட்டார்ப் படகுகளும் ஜெட்ஸ்கியும் கிளப்புகிற அலைக்கு விலாவைக் காட்டாதீர்கள், மூக்கைச் சற்றுச் சாய்வாகக் காட்டுங்கள்.

"படகு கனக்கிறது, உள்ளே தண்ணீர் அலம்புகிறது"

பின்பக்க அடைப்பானை மூடினீர்களா? பதில் 'மூடினேன்' என்றால் அதை மறுபடி போய்ப் பாருங்கள். ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தால் மூடியும் பயனில்லை. அதுவும் சரியென்றால் தூண்டில் தாங்கி பொருத்திய திருகாணித் துளைகள், மூடிகளின் ஓரம், அடியிலிருந்து மேலே வருகிற வடிகால் குழாய்கள் என்று வரிசையாகச் சந்தேகப்படுங்கள். வடிகால் குழாயின் அடிவிளிம்பில் வருகிற மெல்லிய வெடிப்பு கண்ணுக்குச் சுலபத்தில் தெரியாது. படகை இழுத்துப் போகிற சக்கர வண்டியின் முட்கள் குத்தி நிற்கிற இடமும் அதுதான்.

வீட்டில் சோதிக்கலாம். அடைப்பான் துளை வழியாக இரண்டு வாளித் தண்ணீரை உள்ளே ஊற்றி, படகை இரண்டு பழைய டயர்கள்மேல் வைத்து, முன்னும் பின்னும் சாய்த்துக் கீழே பாருங்கள். எங்கே துளி கோக்கிறதோ அங்கே பென்சிலால் வட்டம். திருகாணித் துளை என்றால் கழற்றி, கடற்பாவனைக்கான சிலிக்கன் வைத்து முடுக்குங்கள். உடம்பிலேயே வெடிப்பு என்றால் வன்பொருள் கடை எப்பொக்சி உதவாது, இந்தப் பொலிஎத்திலீனில் அது ஒட்டாது, சில நாளில் செதிலாகக் கழன்று வரும். அதே பிளாஸ்டிக் குச்சியை உருக்கிப் பற்றவைக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். தண்ணீர்த் தாங்கி திருத்துகிறவர்கள் இந்த வேலையைப் பழகியவர்கள்.

அடியில் பள்ளம் விழுந்து படகு இழுத்துக்கொண்டு போகிறதா? வெயிலில் கூரைமேல் இறுக்கிக் கட்டியதால் வந்தது. பட்டியைத் தளர்த்தி, கவிழ்த்து நண்பகல் வெயிலில் போடுங்கள். பெரும்பாலும் தானாக எழும்பும். எழும்பாவிட்டால் உள்ளே சூடான தண்ணீர் ஊற்றி உள்ளங்கையால் தள்ளுங்கள்.

சில்லறைக் கோளாறுகள்

ரீல் கரகரக்கிறது: உவர்நீர் உப்புத்தான். நல்ல தண்ணீரை மெதுவாகத் தெளித்துக் கழுவுங்கள், குழாய் அழுத்தத்தில் அடித்தால் உப்பு இன்னும் உள்ளே போகும். பின்னல் நூல் காற்றில் முடிச்சு விழுகிறது: வீசி முடித்ததும் ரீலின் வளைகம்பியைக் கையால் மூடி, ஒரு முறை இழுத்து இறுக்கிவிட்டுச் சுற்றுங்கள். துடுப்பில் ஆகாயத்தாமரை சிக்குகிறது: அந்தத் திட்டுக்குள் போகாதீர்கள், ஓரத்தில் நின்று வீசுங்கள், கொடுவாவும் ஓரத்தில்தான் நிற்கும். கெளிறு மட்டுமே மாட்டுகிறது: இரையை அடியில் போட்டுவிட்டுச் சும்மா இருக்கிறீர்கள்.

"தண்ணீர் தேநீர் நிறமாகி, கட்டையும் குப்பையும் வருகிறது"

இதற்குப் பரிகாரம் கரை. கொழும்பில் வானம் வெளுத்திருக்கும், ஆனால் கித்துல்கலப் பக்கம் கொட்டிய மழை மணிக்கணக்கு கழித்துக் களனி வழியாக இங்கே வந்து சேரும். போவதற்கு முன் நீர்ப்பாசனத் திணைக்களம் வெளியிடுகிற நாகலகம் வீதி நீர்மட்டத்தைப் பாருங்கள். ஏறுமுகமாக இருந்தால் படகை இறக்க வேண்டாம். வெள்ளம் வடிந்தபின் ஒன்றிரண்டு நாளில் கழிமுகத்தில் மீன் நன்றாகக் கடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் வெள்ளம் வடியும்வரை பொறுத்திருப்பது உங்கள் பொறுப்பு.

ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடிமழையை நம்பக் கூடாது. கார்பன் தடி மின்னலுக்கு வழி. முழக்கம் கேட்டதும் தடியைப் படுக்கவைத்துக் கரைக்கு வாருங்கள். காலில் புண்ணோடு கலங்கல் தண்ணீரில் இறங்கினால் எலிக்காய்ச்சல் பயம் உண்டு. பிறகு காய்ச்சல் வந்தால் ஆற்றில் இருந்ததை டொக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். முத்துராஜவெலவில் சரணாலய எல்லை எது என்று தெரியாமல் தூண்டிலோடு போகாதீர்கள், வனசீவராசிகள் திணைக்களத்திடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

"படகோரம் வரை வந்தது, ஏற்றத் தெரியவில்லை"

அவசரம்தான் இங்கே கோளாறு. மீன் பக்கம் சாய்ந்து படுக்கும்வரை விடுங்கள். அத்தாங்கைத் தண்ணீருக்குள் முதலே அமிழ்த்தி வைத்து, மீனின் தலையை அதற்குள் நடத்துங்கள். அத்தாங்கைக் கொண்டு மீனைத் துரத்தினால் கடைசித் துள்ளல் உங்கள் மடியில்தான். மீன் இருக்கும் பக்கமாக உடம்பைச் சாய்க்காதீர்கள், மறுபக்க இடுப்பில் பாரத்தை வையுங்கள். செவுளுக்குள் விரல் விடாதீர்கள். லீடரை வெட்டியது எதுவோ அதுவே விரலையும் வெட்டும். கீழுதட்டைப் பிடிக்கிற கவ்வியை வையுங்கள், மற்றக் கையால் வயிற்றைத் தாங்குங்கள்.

பெரியது என்றால் விட்டுவிடுவதை யோசியுங்கள். கொடுவா முதலில் ஆணாகப் பருவமடைந்து, சில வருடங்கள் கழித்துப் பெண்ணாக மாறுகிற மீன். கையில் நிறைகிற பெரிய கொடுவா அநேகமாக முட்டைத் தாய். கறிக்கு நடுத்தரமே ருசி. விடும்போது அத்தாங்குக்குள்ளேயே தண்ணீரில் வைத்து முள்ளைக் கழற்றி, ஓட்டத்துக்கு முகம் காட்டிப் பிடித்திருங்கள். வாலை உதறித் தானே போகும்.

முள் உங்கள் கைக்குள் போய்விட்டால், முதலில் லூரை மீனிலிருந்தும் நூலிலிருந்தும் வெட்டிப் பிரியுங்கள். துள்ளுகிற மீன் மறுமுனையில் இருக்கும்போது வேறு எதையும் யோசிக்க முடியாது. இதற்காகவே படகில் பலமான வெட்டுக்குறடு இருக்க வேண்டும். முள் நுனியின் எதிர்முள் உள்ளே இறங்கியிருந்தால் தண்ணீரில் வைத்து இழுத்துப் பார்க்காதீர்கள், மூடிக் கட்டிக்கொண்டு கரைக்கு வாருங்கள். கண், கழுத்து, மணிக்கட்டுப் பக்கம் என்றால் தொடவே வேண்டாம். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். கடைசியாக எப்போது ஏற்புத் தடுப்பூசி போட்டீர்கள் என்று அங்கே கட்டாயம் கேட்பார்கள், அந்தத் திகதியைக் கைபேசியில் இப்போதே குறித்து வையுங்கள்.